செவ்வாய்க்கிழமைக்கு வெள்ளையடி

என்றைக்கு என்று சிங்களத்தில் கேட்டார் நீதவான்.
என்றைக்கு என்று தமிழில் கேட்டேன் நான்.
களவுபோன இரண்டு வலைகளுக்காகக்
கூண்டில் ஏறிய கிண்ணியாக்காரர்
கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்து
"செவ்வாய்க்கிழமை" என்றார்.
நிறுத்தியிருக்கலாம்.
வாய் தன்பாட்டில் ஓடிப்போய்
"...க்கு வெள்ளையடி" என்றது.

தட்டெழுத்துப் பிள்ளையின் விரல்கள்
அந்தரத்தில் நின்றன.
திருகோணமலை நீதிமன்றத்தில்
பதினொரு வருடமாய் மொழிபெயர்க்கிறேன்.
கொலைக்கும் காணிக்கும் தாபரிப்புக்கும்
ஒரு சொல் கூட்டியதில்லை, குறைத்ததில்லை.
விக்கலைக்கூட
"சாட்சி விக்கினார்" என்று சொன்னவள்.

பாலம் வராத காலம்.
அம்மாவுக்குக் கிண்ணியாவில் படிப்பிப்பு.
எனக்கு ஏழு வயது, அவளின் குடைக்குள்.
நடுத்தண்ணியில் பாதை நின்றுபோனால்
கயிறு பிடிக்கும் காசீம்பாவா
ஒருவரையும் பாராமல்
கடலுக்குச் சொல்லத் தொடங்குவார்:

    நண்டுக்கு நாலு தொப்பி
    தொப்பிக்குள்ள தூங்குது கப்பல்
    கப்பலுக்குக் கால்வலி
    கும்மிலி கம்மிலி கோட்டான் பல்லு
    செவ்வாய்க்கிழமைக்கு வெள்ளையடி
    புதன் வந்தா பூட்டு

"நண்டுக்கு என்னத்துக்குப் பாவா தொப்பி?"
கணக்கு வாத்தியார் ஒருவர் கேட்டார்.
"வெயில்" என்றார் பாவா. அவ்வளவுதான்.

கும்மிலி என்றால் என்னவென்று
வீட்டுக்கு வந்து கேட்டேன்.
அம்மா தமிழ் டீச்சர், பாவம்,
அகராதியை இறக்கித் தூசு தட்டி
இரண்டு பக்கம் முன்னும் பின்னும் தேடி
இல்லை என்று மூடினாள்.
அகராதியில் இல்லாத ஒன்று
என் வாயில் இருந்தது.
அன்றிரவு சந்தோஷத்தில் நித்திரை வரவில்லை.

பிறகு வந்த வருடங்களில்
எல்லாச் சொல்லுக்கும் அர்த்தம் இருந்தது.
எங்கே போறாய், ஆர் வீட்டில் நின்றாய்,
இந்தப் பெயர் எந்த ஊர்ப் பெயர்.
பதில் சொன்ன என் பல்லுக்குப் பின்னால்
நண்டுகள் வரிசையில் நின்று
தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டின.
மூதூர்ப் பக்கம் அதிர்ந்த ஆவணியில்
கட்டிலுக்குக் கீழே
தங்கச்சியின் காதைப் பொத்திக்கொண்டு
பூட்டு, பூட்டு, பூட்டு என்றேன்.
பிள்ளை பெறும்போது மருத்துவிச்சி ஏசினாள்:
"முருகா எண்டு கூப்பிடாமல்
என்னடி நண்டும் தொப்பியும்?"

இன்றைக்கும் சாட்சி பேசினால்
முதலில் ஓசைதான் வருகிறது.
அர்த்தம் ஈரக்காலோடு பின்னால் வரும்.
பொய்க்கு எதுகை
கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும்.

"என்ன சொன்னார்?" என்றார் நீதவான்.
"அங்கஹருவாதா" என்றேன்.
செவ்வாய்க்கிழமை.
மிச்சத்தை விழுங்கிவிட்டேன்.

மதிய இடைவேளை. வாசலில் புள்ளிமான் ஒன்று
ஆரோ ஒருவரின் அழைப்பாணையை
மென்றுகொண்டு நின்றது.
அவர் கிட்ட வந்தார்.
"மிஸ், மத்ததச் சொல்லல்லதானே?"
"சொல்லேல்ல."
தலையாட்டினார். போகவில்லை.
குரலைத் தாழ்த்தி
"கப்பலுக்குக் காய்ச்சல்" என்றார்.
"கால்வலி" என்றேன்.
"இல்ல மிஸ். காய்ச்சல்.
நான் தகரத்துக்குப் பக்கத்துல நிண்டவன்."
"நான் கயிற்றுக்குப் பக்கத்தில்."

சட்டத்தரணி இல்லாமல்
பத்து நிமிடம் வாதாடினோம்.
பாவா மௌத்தாகிப் பல வருடம்,
மீள அழைக்க வேறு சாட்சியில்லை.
மான் கடதாசியை முடித்துவிட்டு
எங்கள் இருவரையும் பார்த்தது.
கிண்ணியா பஸ்ஸில் தாவி ஏறியவர்
ஜன்னலால் தலையை நீட்டி
"காய்ச்சல்!" என்று கத்திக்கொண்டே போனார்.

வழக்குக் கோவையில்
செவ்வாய்க்கிழமை மட்டும் இருக்கிறது,
வெள்ளையடிக்காமல்.
அடுத்த தவணை
வருகிற மாதம், புதன்.
அன்றைக்கு என் வாயை
நான் நம்பப்போவதில்லை.